சிவப்புத் தொப்பிக்காரன் வண்டியேறிய கதை

டொராண்டோவில் கடல் மாதிரி ஓர் ஏரி இருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. உலகத்திலேயே உயரமானது என்று சொல்லி ஒரு கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி எழும்பிய அதன் தலை மேகத்துக்குள் இருந்ததால் அதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஊரின் அழகுகளைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பி யாரும் இதைப் படிக்க வேண்டாம். நான் பார்த்ததெல்லாம் பதினோராவது மாடியில் ஒரு வீடு, ஒரு சர்ச்சின் நிலவறை, பனி மூடிய ஒரு கல்லறைத் தோட்டம். அப்புறம் சாண் உயரத்தில், சிவப்புத் தொப்பி போட்ட குள்ளர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அமெரிக்காவில் ஓராண்டு மானிடவியல் படித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். போகிற வழியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அம்மா இட்ட வேலை. புரட்டாசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, இரண்டாம் நாளே போய்விட்டது. அதிலிருந்து அக்கா யாருக்கும் கடிதம் எழுதவில்லை. “அவளை அங்க விட்டுட்டு வந்து என் முகத்துல முழிக்காத” என்று அம்மா எழுதியிருந்தாள். அத்தானுக்கும் சம்மதம். பயண ஏற்பாடெல்லாம் முடிந்திருந்தது. அக்கா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்துக்கு அத்தான் வந்திருந்தார். கையில் ஒரு கம்பளிக் கோட்டு.

“இதை முதல்ல போடு மாப்ள. காது உதிர்ந்துரும்.”

“உதிர்ந்தா?”

“பொறுக்கிப் பையில போட்டுக்கோ. இங்க எல்லாரும் அப்படித்தான்.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காரில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கார் கிளம்ப மறுத்தது. குளிரில் அதற்கும் விறைத்துப் போகுமாம். வழியில் போன இரண்டு வெள்ளைக்காரர்கள், யாரும் கேட்காமலே வந்து பின்னால் தள்ளினார்கள். நம்மூரில் என்றால் தள்ளுவதற்கு நாலு பேரும் ஆலோசனை சொல்ல நாற்பது பேரும் கூடியிருப்பார்கள். இவர்கள் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது.

“அவ பேசுறதே இல்ல மாப்ள,” என்றார் அத்தான், சாலையைப் பார்த்துக்கொண்டே. “நான் வேலைக்குப் போகும்போது எப்படி உக்காந்திருந்தாளோ வரும்போதும் அப்படியே. எப்படியாவது கூட்டிட்டுப் போயிரு.”

ரெக்ஸ்டேலில் அவர்கள் வீடு. கதவைத் திறந்ததும் கூடத்தில் படிப்படியாகப் பலகை அடுக்கி, வெள்ளை விரிப்புப் போட்டு, வரிசை வரிசையாகப் பொம்மைகள். பைன் மரத்துக் காய்தான் உடம்பு. பஞ்சுத் தாடி. மரமணியில் மூக்கு. எல்லாவற்றுக்கும் கூம்பு கூம்பாகச் சிவப்புத் தொப்பி. நடுவில் தரையில் உட்கார்ந்து அக்கா தொப்பி தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது, மார்கழியில கொலு வச்சிருக்க?”

வாய் முந்திவிடும் எனக்கு. அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

“புரட்டாசியில வைக்கலைல்லா” என்றாள்.

சாப்பாட்டுக்குத் தகரடப்பாத் தக்காளியில் ரசம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ், அம்மா எப்போதோ அனுப்பிய மோர்மிளகாயின் கடைசிக் கை. மோர்மிளகாய் கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு இங்கர் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். டென்மார்க்காரி, வாய் ஓயாத பேச்சு, கையில் ஓயாத சிகரெட். சர்ச்சில் நடக்கிற கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வருஷா வருஷம் இந்தப் பொம்மைகள் செய்கிற குழுவில் அவளும் ஒருத்தி. குழந்தை போன பிறகு ஒருநாள், ஒரு மூட்டைச் சிவப்புத் துணியையும் ஒரு பை நிறையப் பைன் காய்களையும் கொண்டுவந்து அக்கா மடியில் கொட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாளாம். அன்றைக்கு ஊசி எடுத்தவள்தான் அக்கா.

“இவங்க பேரு என்ன?” என்று பொம்மையைக் காட்டிக் கேட்டேன்.

“நிஸ்ஸே” என்றாள் இங்கர். “எங்கள் ஊரில் பண்ணைக்கு ஒருவன் இருப்பான். பரணில் குடியிருப்பான். குதிரைக்குத் தீனி வைப்பான், மாட்டைப் பார்த்துக்கொள்வான். கண்ணில் பட மாட்டான். கிறிஸ்துமஸ் முந்தின மாலை அவனுக்குப் பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சி வைக்க வேண்டும். மறந்தாயோ, தொலைந்தாய். பால் திரியும், பசுவின் வாலைப் பின்னிப் போட்டுவிடுவான், சட்டியெல்லாம் உருளும்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “அக்கா! இது நம்ம குட்டிச்சாத்தான்தானே! சோறு போட்டா வேலை செய்வான், மறந்தா வீட்டுக் கூரையில கல்லெறிவான்!” என்று கத்தினேன். இங்கரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஓராண்டு வகுப்பில் உட்கார்ந்து கிடைக்காதது அந்தச் சமையலறையில் கொட்டிக் கிடந்தது. அக்கா தலை நிமிரவில்லை. “அவ பேசுறது எனக்குப் பாதிதான் புரியும்” என்றாள். மீதிப் பாதியை நான் மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்று மத்தியானமே உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அரிசியும் பாலும் இருந்தன; வெல்லம் கிடைக்காததால் பழுப்புச் சர்க்கரை. நெய்யைத் தாராளமாக ஊற்றிக் கிளறி ஒரு சர்க்கரைப் பொங்கல் வைத்து, பொம்மை வரிசைக்கு முன்னால் ஒரு கிண்ணம் படைத்து, இங்கருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கரண்டியால் கிளறிப் பார்த்தாள்.

“வெண்ணெய் எங்கே?”

“உள்ளே கலந்திருக்கு.”

“உள்ளேயா! செத்தது போ, உன் பசு!”

கதை இதுதான். ஒரு வீட்டில் விளையாட்டாக வெண்ணெய்க் கட்டியைக் கஞ்சிக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். நிஸ்ஸே வந்து பார்த்தான். மேலே வெண்ணெய் இல்லை. கோபத்தில் போய் அந்த வீட்டுப் பசுவை ஒரே குத்தில் கொன்றுவிட்டான். திரும்பி வந்து கஞ்சியைத் தின்றால் அடியில் வெண்ணெய்! ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஊருக்கு நடந்து, அதே நிறத்தில் ஒரு பசுவைப் பிடித்து வந்து அந்த இடத்தில் கட்டினானாம். பசுவைக் கொன்ற கதைக்கு இவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று நான் மலைத்தாலும் கூடவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

“அடியில கிடந்தா யாருக்குத் தெரியும்?” என்றாள் அக்கா. “அதே நிறத்துல இன்னொண்ணு கொண்டாந்து கட்டுனா ஆச்சா?”

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

அடுத்த நாள் ஊரைப் பார்க்கிறேன் பேர்வழி என்று தனியாகக் கிளம்பினேன். போனது ஒழுங்காகத்தான் போனேன். திரும்பும்போது எந்தப் பஸ்ஸில் ஏறினேனோ, ஜன்னலுக்கு வெளியே தெரியாத ஊர்கள் ஓடின. முன் இருக்கையில் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. என் முழியைப் பார்த்துவிட்டார்.

“தம்பி தமிழோ?”

காதில் தேன் பாய்ந்தது. “ஆமாங்க!”

“எங்கை போறீர்?”

“ரெக்ஸ்டேல்.”

“ஐயோ, உது பிழையான பஸ் எல்லோ! இறங்கும், இறங்கும். நாங்களும் இங்கை பஸ் மாறி அந்தப் பக்கந்தான் போறம்.”

மூவரும் இறங்கினோம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே கணக்காளராம். பனி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் வேறொரு பஸ் வந்தது. அவர் அதைக் கைகாட்டி, “நாங்கள் உதிலை போவம்” என்றார்.

‘நாங்கள் போவோம்’ என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? தானும் மனைவியும் போகிறார்கள், என் பஸ் இனிமேல் வரும். நான் கைகூப்பி, “ரொம்ப நன்றிங்க, போயிட்டு வாங்க” என்றேன். அவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. ஜன்னல் கண்ணாடியைத் தட்டி அவர் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார். என்ன பாசம்! நானும் பஸ் மறையும்வரை ஆட்டினேன். அதற்கப்புறம் அடுத்த பஸ் வரும்வரை நின்றேன் பாருங்கள், காது உதிர்வதைப் பற்றி அத்தான் சொன்னது வேடிக்கையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்படி.

“ஏல கோட்டிக்காரா! அவங்க ஊர்ல நாம, நாங்க ரெண்டுக்கும் ‘நாங்கள்’தாம்ல. உன்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்காரு. நீ டாட்டா காட்டிட்டு நின்னியாக்கும்?”

அத்தான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று அக்காவையே பார்த்தார். எனக்கு வானத்தில் பறப்பது போலிருந்தது. அம்மாவுக்குத் தந்தி அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரி. அவளுக்கும் என்னைய மாதிரிதான் ஆயிருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அழாதேயுங்கோ, நாங்கள் இன்னும் பெறுவம்’னா. இவ மட்டும் பெறுவாளாமேன்னு நினைச்சு அன்னைக்குப் பூரா அவகிட்ட நான் பேசவே இல்லை. அவ போன பொறவுதான் இன்னொருத்தி சொன்னா.” ஊசியை எடுத்துக்கொண்டாள். “என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கா, பாவம்.”

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் விற்பனை. குள்ளர்களைப் பெட்டி பெட்டியாகச் சுமந்துபோனோம். காகிதத்தில் வெட்டிய குள்ளர்கள் அலமாரி விளிம்பில் தொங்கினார்கள், வைக்கோலால் பின்னிய ஆடுகள், மெழுகுவத்திகள். ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்தார்கள், பிட்டதும் ஏலக்காய் வாசம்! எங்கேயோ வடகோடியில் இருக்கிறவர்கள் ரொட்டிக்குள் நம் ஏலக்காயை எப்படிக் கொண்டுபோனார்கள்? அதை ஆராயப் புறப்பட்ட என்னை அத்தான் இழுத்து உட்கார வைத்தார். ஊறவைத்த பச்சை மீனை ஒரு கிழவி அவர் தட்டில் வைத்துவிட்டு, தின்கிறாரா என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “மாப்ள, இதை உன் பையில போட்டுக்கோ” என்று கெஞ்சினார்.

கூட்டம் குறைந்ததும் இங்கர் காப்பிக் கோப்பையோடு எங்களிடம் வந்தாள். இன்னொரு கதை சொல்லு என்று நான்தான் நச்சரித்தேன்.

“ஒரு குடியானவன் வீட்டு நிஸ்ஸே பெரிய தொல்லைக்காரன்,” என்றாள். “பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. வேறு ஊருக்கே போய்விடுவோம் என்று வண்டி வண்டியாகச் சாமான்களை ஏற்றினான். கடைசி வண்டி கிளம்புகிறது. விட்டது சனியன் என்று திரும்பிப் பார்க்கிறான். பின்னால் ஒரு மரத்தொட்டிக்குள்ளிருந்து சிவப்புத் தொப்பி எட்டிப் பார்க்கிறது. ‘இன்றைக்கு வீடு மாறுகிறோம், இல்லையா!’ என்கிறான் நிஸ்ஸே.”

நான் அக்காவிடம் திரும்பி, குரலைக் கீச்சாக்கிச் சொன்னேன்: “‘இன்னைக்கு நாம வீடு மாறுறோம்லா!’”

அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தாள். “நாமவா, நாங்களா?”

“என்னது?”

“அது சொன்னது நாமவா, நாங்களா? கேளு.”

இங்கரிடம் இதைக் கேட்பதற்குள் எனக்கு உயிர் போயிற்று. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல், அவள் மொழியிலும் அப்படியேயாம். கையால் வட்டம் போட்டு, அந்த வீட்டாரையும் தன்னோடு சேர்த்தா, அவர்களை விட்டா என்று கேட்டேன். “சேர்த்துத்தான்! நிஸ்ஸே இல்லாமல் அது என்ன குடும்பம்?” என்று இங்கர் சிரித்தாள்.

“நாமதாங்கா.”

அக்கா ஒரு குள்ளனின் தாடியை நீவிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது, காரின் பின் இருக்கையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“சரில. வாரேன்.”

அத்தான் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டார். நல்லவேளை, தெருவில் யாருமில்லை.

மறுநாள் வீடு வீடாக இருந்தது. அத்தான் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அக்கா புடவைகளை மடித்து வைத்தாள். என் மொழிபெயர்ப்பின் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பெட்டியை மூடியதும் அக்கா, “ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும். நீ வா” என்றாள்.

பஸ்ஸில் போனோம். இறங்கிய இடம் கல்லறைத் தோட்டம். நம் வழக்கப்படி பச்சைப் பிள்ளையை எரிக்க மாட்டார்களே, இங்கேயும் புதைத்துத்தான் இருந்தார்கள். குழந்தைகளுக்கென்று ஓரமாக ஒரு பகுதி. கற்களெல்லாம் தரையோடு தரையாகப் பதித்தவை. முழங்கால் பனியில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைத்தாள் விரித்தது போலிருந்தது. அக்கா நேராக ஓர் இடத்துக்கு நடந்தாள். அங்கே நீளக் குச்சியின் உச்சியில் ஒரு குள்ளன் நின்றான், சிவப்புத் தொப்பியோடு. பனி எவ்வளவு பெய்தாலும் இடம் தெரிய வேண்டும் என்று அவள்தான் நட்டிருந்தாள்.

குனிந்து கையுறையால் பனியை விலக்கினாள். கல் தெரிந்ததும் ரகசியம் போலச் சொன்னாள்.

“பாப்பா, நாளன்னைக்கு நாம ஊருக்குப் போறோம். ஆச்சி வீட்டுக்கு. கேட்டியா?”

குள்ளனைக் குச்சியோடு பிடுங்கி, பனியை உதறிக் கைப்பையில் செருகினாள்; குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் கதை அவளை ‘சரி’ சொல்ல வைத்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் ஊராகக் கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அக்கா வருகிறாள். எப்படி வந்தால் என்ன, வருகிறாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை இங்கர் வழியனுப்ப வந்தாள். அவள் கையால் செய்த அரிசிக் கஞ்சி. மேலே பட்டைத் தூள், நடுவில் பெரிய வெண்ணெய்க் கட்டி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துக்கொண்டோம்.

“கேளுல அவகிட்ட,” என்றாள் அக்கா. “எல்லாமே வண்டியில ஏறுமா? ஏறாததும் உண்டா?”

கேட்காமல் தட்டிக் கழித்திருக்கலாம். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“அட, அது சும்மா சிரிப்புக்கு ஒரு கதை,” என்றாள் இங்கர், கஞ்சியை ஊதிக்கொண்டு. “உண்மையான நிஸ்ஸே மனிதர்களுக்குச் சொந்தமில்லை, அந்த மண்ணுக்குச் சொந்தம். வீட்டுக்கும் முந்தியவன். ஆட்கள் விற்றுவிட்டுப் போவார்கள், அவன் போக மாட்டான். என் அப்பாவின் பண்ணையை விட்டு நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோமே, அவன் அங்கேயேதான் இருக்கிறான். யார் கஞ்சி வைக்கிறார்களோ!” கடைசியாக, எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள்: “ஹீ ஸ்டேஸ்.”

நான் அக்காவைப் பார்த்து, சிரித்த முகத்தோடு சொன்னேன்: “எல்லாம் வருமாம்க்கா. ஒண்ணுகூடப் பின்தங்காதாம். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வந்துருமாம்.”

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். வெண்ணெய் உருகிக் குளம் கட்டியிருந்தது.

“மூணு வருஷமா இங்க இருக்கேன்,” என்றாள். “ஸ்டேன்னா என்னன்னு எனக்குத் தெரியாதால?”

கோபமில்லை. என் தலையை ஒருமுறை தடவினாள். கைப்பையிலிருந்த குள்ளனை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, கஞ்சியைச் சாப்பிட்டு முடித்தாள். தமிழ் தெரியாத இங்கர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, “நன்றாயிருக்கிறதா?” என்று கேட்டாள். நன்றாயிருக்கிறது என்றோம்.

காலையில் வாசலில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. அத்தான் கார் சாவியோடு நின்றார். அக்கா குளித்து, தலை வாரி, கம்பளிக் கோட்டும் போட்டிருந்தாள். கடைசி நிமிஷத்திலாவது கூட வந்துவிட மாட்டாளா என்று நான் அவசரக்காரன் போல நடித்தேன்.

“நேரமாச்சுக்கா. நாம கிளம்பலாம்.”

“நீ கிளம்புல,” என்றாள் அக்கா. “நாங்க வரலை.”

அத்தான் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த ‘நாங்க’வில் தனக்கு இடமிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி. அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவள் கண் ஜன்னல் மேடையில் இருந்தது. குள்ளனைக் குச்சியோடு எடுத்துக்கொண்டு, “எட்டு மணிப் பஸ்ஸைப் பிடிக்கணும். ராத்திரி பனி ரொம்பப் பெஞ்சிருக்கு” என்று சொல்லிச் பூட்ஸ் மாட்டப் போனாள். அதற்குத்தான் கோட்டு.

பஸ்ஸுக்குள்ளிருந்து அன்று கை ஆட்டிய அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அக்கா அவருடைய ஊரில் பிறந்திருக்கக் கூடாதா? அந்த ‘நாங்க’ளில் நானும் இருந்திருப்பேன், அம்மாவும் இருந்திருப்பாள்.

விமான நிலையத்துக்கு அத்தான்தான் கொண்டுபோய் விட்டார். அக்காவின் பெட்டியையும் ஞாபகப் பிசகில் காரில் ஏற்றிவிட்டிருந்தார். என்னை இறக்கிவிட்ட பிறகு அதைத் திரும்ப எடுத்துப் போனார்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. பணிப்பெண் வந்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். விமானம் ஓடத் தொடங்கியபோது, இருக்கையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். எந்தத் தொட்டிக்குள்ளிருந்தும் எந்தத் தொப்பியும் எட்டிப் பார்க்கவில்லை.